பென்சிலால் தொட்டால் தொட்டதாகாது

அக்டோபர் 4, வெள்ளி

முதலாளி நாச்சிமுத்து வந்தார். காபி குடித்தார், தண்ணீர் மோட்டாரைப் பற்றி விசாரித்தார், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே குண்டைத் தூக்கிப் போட்டார்.

"வார்டனம்மா, தீவாளிக்குப் பொறவு ஆபீசுக்கு ஒரு ஆள் போதுமுங்க. புள்ளைக வர்றது போறதையெல்லாம் அந்தக் கார்டு மிஷினே எழுதிக்குது. நீங்களும் சுகந்தியும் ரெண்டு பேரு ஒக்காந்துட்டு என்ன பண்றீங்க? ஆரு இருக்கறது, ஆரு போறதுன்னு யோசிச்சுச் சொல்றேன்."

செருப்பு மாட்டும்போது சொல்கிற பேச்சுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பீளமேட்டில் மங்கை மகளிர் விடுதி என்றால் வார்டன் ராஜாமணி என்றுதான் ஆட்டோக்காரர்கள்கூடச் சொல்வார்கள். படிக்கிற பெண்கள், வேலைக்குப் போகிற பெண்கள் என்று எத்தனையோ பேரை இந்த வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டு உள்ளே விட்டிருக்கிறேன். போன வருடம் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் வாயில் கார்டைச் செருகினால் பச்சை விளக்கு எரியும், கம்ப்யூட்டரில் பெயரும் நேரமும் விழும். கேள்வி கேட்காத பெட்டி. அதற்கு என் நாற்காலியைக் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

அக்டோபர் 7, திங்கள்

சுகந்தியைப் பற்றி எழுதியாக வேண்டும். தாராபுரம் பக்கம். அப்பா இல்லை. அம்மாவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாது. ஆபீசை ஒட்டின சின்ன அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் சம்பளத்தோடு சேர்த்தி. வேலை போனால் அவளுக்குப் படுக்க இடமும் போகும். கம்ப்யூட்டரில் பத்து விரலும் பறக்கும். குரலை உயர்த்த மாட்டாள், பொய் சொல்ல மாட்டாள், பின்னால் பேச மாட்டாள். ஒரு கெட்ட குணம் இருந்தாலாவது மனசுக்கு ஆறுதலாக இருக்கும்.

இன்று தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, அம்மாவுக்குக் காச்சலு. பூசையன்னிக்கு மட்டும் ஊருக்குப் போயிட்டு, மறுநாள் சாயங்காலம் வந்தர்றனுங்க்கா. ஐயாவுக்குத் தெரிய வேண்டாம்."

தெரியக்கூடாதுதான். முதலாளிக்குக் கிரைண்டர் கம்பெனி. ஆயுத பூசையன்று லீவு போட்டவன் மறுபடி கம்பெனி வாசலை மிதிக்கக்கூடாது என்பது அவர் சட்டம். ஆனால் அன்றைக்கு அவர் இங்கே வருவதில்லை. கம்பெனியில் பூசை முடித்து டிரைவரிடம் பொரியும் சுண்டலும் கொடுத்தனுப்புவதோடு சரி. போய்விட்டு வா என்றேன். இரக்கம்தான். வேறு எந்த எண்ணமும் இல்லை.

மெஸ் மேனேஜர் வேலையை விட்டு நின்றுவிட்டான். சமையலறையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று முதலாளி போனில் கேட்டார். நான் வார்டன், கரண்டி பிடிக்க வரவில்லை என்று மரியாதையாகவே சொன்னேன்.

அக்டோபர் 10, வியாழன்

கம்ப்யூட்டர் மேஜைக்கு மேலே இருந்த அறிவிப்புத் தாள் கிழிந்திருந்தது. புதிதாக எழுதி ஒட்டினேன். "தெரியாத இடத்திலிருந்து எதையும் டவுன்லோடு செய்யாதீர்கள். ஆபத்து உங்கள் விரல் நுனியில். – வார்டன்." விஷயம் சுகந்தியுடையது. விரல் நுனி என்னுடையது.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூசை

காலையிலேயே சுகந்தி பஸ் ஏறிவிட்டாள். பூசையை நானே செய்தேன். வாழைக்கன்று, மாவிலை, பொரி, கடலை. கம்ப்யூட்டருக்குச் சாமந்தி மாலை போட்டேன். அணைத்தால் மறுபடி போட வேண்டும், போடுவது தொடுவதில் சேரும், அதனால் ஓடுகிறபடியே விட்டுவிட்டேன். டி.வி., மிக்சி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கறுப்புப் பெட்டிக்குத் தனியாகப் பட்டையாகவே பூசினேன். எதிரியானாலும் ஆயுதம் ஆயுதம்தானே. அதற்கு ஒரு வாய் இருக்கிறதே என்று வாய்க்கும் கொஞ்சம் குழைத்து வைத்தேன். பிறகு போர்டில் எழுதினேன்: "நாளை மறுபூசை முடியும்வரை எந்த மிஷினையும் எவரும் தொடக்கூடாது."

ஒன்பதாம் அறை அபிநயா பையோடு வந்தாள். உடுமலைப்பேட்டைக்காரி, இன்ஜினியரிங் படிக்கிறாள்.

"மேடம், ஊருக்குப் போறேன். கார்டு போடலாமா, இல்ல அதுவும் தொடக்கூடாதா?"

கார்டு செருகுவது தொடுவதில் சேராது என்றேன். செருகினாள். சிவப்பு விளக்கு. திருப்பிச் செருகினாள். சிவப்பு. "மேடம், சாஃப்ட்வேர் போயிருச்சு போலிருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அந்த வார்த்தை என் தலைக்குள்ளேயே நின்றுவிட்டது.

சாஃப்ட்வேர் போயிருக்கிறது. சுகந்தி இங்கே இல்லை. இதை நான் ஒருத்தியே சரி செய்துவிட்டால்? திங்கட்கிழமை முதலாளியிடம், "அது ஒண்ணுமில்லீங்க, நானே பாத்துட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்லலாம். பி.ஏ. சரித்திரம், செகண்ட் கிளாஸ். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்.

ராகு காலம் முடிகிறவரை பொறுத்திருந்தேன். மிஷினைத் தொட்டேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. சந்தனக் கிண்ணத்தருகே கிடந்த பென்சிலைத் திருப்பிப் பிடித்து அதன் பின்பக்கத்தால் எழுத்துக்களைக் குத்தினேன். மௌஸை முந்தானையால் பிடித்தேன். ஸ்மார்ட் கார்டு படிக்கும் சாஃப்ட்வேர், இலவசம் என்று குத்தினதும் எத்தனை எத்தனை வந்தது! எல்லாம் இலவசம். உலகத்தில் இவ்வளவு நல்லவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் டவுன்லோடு என்று நாலைந்து பொத்தான் இருந்தது. பெரிதாக, பச்சையாக இருந்ததை அமுக்கினேன். சின்னதை அமுக்குவானேன்?

ஆன்டிவைரஸ் இடைஞ்சல் செய்யும், தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள் என்று ஒரு கட்டம் வந்தது. ப்ளீஸ் போட்டுக் கேட்டிருந்தான். இந்த விடுதியில் எனக்கு ப்ளீஸ் போட்டுப் பேசுகிறவர் யார் இருக்கிறார்கள்? நிறுத்தினேன். எல்லாவற்றுக்கும் சம்மதமா என்று கேட்டான். சம்மதம் என்றேன். கடைசியில் நன்றி என்று வந்தது.

அபிநயாவின் பழைய கார்டு ஒன்று டிராயரில் கிடந்தது, செருகிப் பார்த்தேன். சிவப்புதான். எல்லாவற்றையும் மூடிவிட்டு மாலையைச் சரி செய்தேன். ஆக, ஒன்றும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றைப் பற்றி எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

சுண்டலில் தேங்காய் போதவில்லை.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

மறுபூசை ஆயிற்று. சாயங்காலம் சுகந்தி வந்தாள். எனக்கென்று அவள் அம்மா சுட்ட முறுக்கு கொண்டுவந்தாள், காய்ச்சலோடு சுட்டதாம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள், "நெம்ப மெதுவா இருக்குதேக்கா" என்றாள். வயசாகியிருக்கும் என்றேன். கார்டு எடுக்கவில்லை என்றதும் திங்கட்கிழமை பார்ப்போம், அதுவரை நோட்டில் எழுதுவோம் என்றாள். பழைய நீள நோட்டை எடுத்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மேஜையில் கிடந்த பென்சிலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஸ்டாண்டில் வைத்தாள்.

முறுக்கு நன்றாக இருந்தது.

அக்டோபர் 14, திங்கள்

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை முழுக்கச் சிவப்பு. இங்கிலீஷில் மிரட்டல். விடுதிப் பெண்களின் பெயர், படம், அறை எண், அப்பா அம்மா போன் நம்பர் எல்லாம் அவன் கையில் இருக்கிறதாம். கேட்டதைக் கொடுக்காவிட்டால் பூட்டினதைத் திறக்க மாட்டானாம். ப்ளீஸ் இல்லை.

சுகந்தி வெலவெலத்துப் போய் ஒயரைப் பிடுங்கினாள். முதலாளி வந்தார். கூடவே அவர் கம்பெனி கம்ப்யூட்டர் மெக்கானிக் ஜாபரும் வந்தான். ஒயரை மறுபடி செருகித் திரையைப் பார்த்துவிட்டு, "ஆரோ எதையோ டவுன்லோடு பண்ணியிருக்காங்க" என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனான்.

"ஆரு பண்ணுனது?" என்றார் முதலாளி.

"நான் கம்ப்யூட்டர் பக்கம் போறதே இல்லீங்களே" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது. வருடக்கணக்காகப் பெருமையோடு சொல்லிக்கொண்டிருக்கிற வாக்கியம். வாயில் தயாராக இருந்தது.

முதலாளி சுகந்தியைப் பார்த்தார். சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் அறிவிப்புத் தாளைப் பார்த்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

சாம்பாரில் உப்பு அதிகம். வேறு விசேஷம் இல்லை.

அக்டோபர் 16, புதன்

சாயங்காலம் கேட்டில் ஒரு சத்தம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, வேர்த்து வடிய ஒருவர் ஓடிவந்தார். அபிநயாவின் அப்பா. உடுமலையில் தேங்காய் வியாபாரம். "எந்த ஆஸ்பத்திரிங்க? என்ற புள்ளைய எந்த ஆஸ்பத்திரீல வெச்சிருக்கீங்க?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

மங்கை விடுதியிலிருந்து பேசுகிறோம் என்று ஒருவன் போன் செய்திருக்கிறான். ஒன்பதாம் அறை அபிநயா மயங்கி விழுந்துவிட்டாள், ஆபரேஷன், உடனே பணம் அனுப்புங்கள் என்று சொல்லி அவள் படத்தையும் அனுப்பியிருக்கிறான். விடுதிக்கு அவள் கொடுத்த படம். அபிநயா பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள், அவள் போன் அணைந்திருந்தது. இந்த மனுஷனுக்குப் பணம் அனுப்புகிற நிதானம்கூட இல்லை. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

நான் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அபிநயா பஜ்ஜி தின்றுகொண்டு தெருவில் வந்தாள். மகளைப் பார்த்ததும் அவர் அப்படியே படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் பயந்துபோய் அவர் முதுகைத் தடவினாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க இருக்கீங்கன்னுதானுங்க வார்டனம்மா, தைரியமா இங்க விட்டுட்டுப் போனேன்."

எனக்கு அழுகை வந்தது. சமையலறைக்குப் போய், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளை ஏன் இவ்வளவு மெதுவாக உரிக்கிறாய் என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

சுகந்தி அறை அறையாகப் போய் ஒவ்வொரு பெண்ணிடமும் நம்பர் வாங்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். ஹாஸ்டலிலிருந்து பேசுகிறோம் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள் என்று ஹாஸ்டலிலிருந்து பேசிச் சொன்னாள். பாதிப் பேர் அவளையே நம்பவில்லை. தொண்டை கட்டிவிட்டது. நான் பால் கொடுத்தேன், மிளகு போட்டு. அதை மட்டும் செய்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

ஜாபர் வந்தான். பூட்டினதைத் திறக்க முடியாது, புதுக் கம்ப்யூட்டர்தான் வாங்க வேண்டும் என்றான். போலீசில் புகார் எழுதிக் கொடுத்தாயிற்று. பிறகு கறுப்புப் பெட்டியைத் தட்டிப் பார்த்தான், பஞ்சை நனைத்து அதன் வாய்க்குள் விட்டான். மஞ்சளாக வந்தது. மறுபடி விட்டான். மறுபடி மஞ்சள். மோந்து பார்த்தான்.

"ஏனுங்க, இதுக்குள்ள சந்தனம் காஞ்சு கெடக்குதுங்க. அதான் கார்டு எடுக்கல. சாஃப்ட்வேர்ல ஒரு கோளாறும் இருந்திருக்காது."

தன் லேப்டாப்பில் பெட்டியைச் செருகி, கார்டைப் போட்டான். பச்சை. எந்த டவுன்லோடும் வேண்டியிருக்கவில்லை. ஈரப் பஞ்சு போதுமாயிருந்தது. எனக்குத் தலை சுற்றியது. வெயில் என்று நினைக்கிறேன்.

"சந்தனம் வெச்சதுல தப்பில்ல, நல்ல காரியந்தான்" என்றார் முதலாளி. "அந்தக் கருமத்த என்னிக்கு எறக்குனாங்க, அதச் சொல்லு."

"பதினொண்ணாந் தேதிங்க. மத்தியானம்."

முதலாளி விரலை மடக்கி எண்ணினார். முகம் மாறியது. பெண்களின் படம் போனது, போன் நம்பர் போனது என்றபோதுகூட அந்த முகம் அப்படி மாறவில்லை.

"ஆயுத பூசையன்னிக்கா? பூசையில வெச்ச மிஷினையா? ஆரு தொட்டது? அதான் இத்தன நாசமாயிருக்குது!" கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுகந்தியிடம் திரும்பினார். "ஏனம்மிணி, நீயா?"

அவள் சொல்லியிருக்கலாம். நான் அன்றைக்குத் தாராபுரத்தில் இருந்தேன் என்று ஒரே வரி. அவள் அதைச் சொன்னால் என்ன சொல்வது என்று நான் யோசித்தும் வைத்திருந்தேன், அது என்னவென்று இங்கே எழுத விருப்பமில்லை. அவள் வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"பேசாம நின்னா நீதான்னு அர்த்தம். சனிக்கெழம கணக்கு முடிச்சுட்டுக் கெளம்பிக்க."

ஆக, ஆபீஸ் நாற்காலி எனக்குத்தான். நான் அவள்மேல் ஒரு பழியும் சொல்லவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

புதுக் கம்ப்யூட்டர் வந்தது. ஜாபர் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். போகிறவள் இருக்கிறவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. சுகந்தி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது, புதுப் பெண் வந்தால் கார்டு எப்படிக் கொடுப்பது என்று பொறுமையாகச் சொல்லித் தந்தாள். ஒருதடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. சலித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

"அக்கா, கையால தொட்டே அடிக்கலாம். பென்சில் வேண்டாம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பென்சில் பின்னாடி சந்தனம் ஒட்டியிருந்துச்சுங்க்கா. கீபோர்டுலயும் புள்ளி புள்ளியா இருந்துச்சு. நான் வந்த அன்னிக்கே தொடச்சுட்டேன்."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?"

"லீவு குடுத்ததும் நீங்கதானே. நான் ஊர்ல இருந்தேன்னு சொன்னா உங்களுக்கு ரெண்டு பக்கமும் இடி." கொஞ்சம் தயங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்குக் கை கால் இருக்குதுங்க்கா. வேற எங்கயாச்சும் பாத்துக்குவேன். பாவம், நீங்க இந்த வயசுல எங்க போவீங்க?"

பாவம்! என்னைப் பார்த்து! காய்ச்சல்கார அம்மாவை வைத்துக்கொண்டு, நாளைக்குப் படுக்க இடமில்லாமல் போகப்போகிற ஒரு பெண் என்னைப் பார்த்துப் பாவம் என்கிறாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திருடி என்று கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பாவமாம். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. கையெழுத்துக்கூடக் கோணுகிறது.

அக்டோபர் 19, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலாளி காலையில் சுகந்தியின் கணக்கை முடிக்க வந்தார். அவள் பையும் பக்கெட்டுமாக ஆபீஸ் வாசலில் நின்றாள். ராகு காலம். பார்க்கவில்லை, நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"அந்தப் புள்ள பூசையன்னிக்கு இங்கயே இல்லீங்க. நான்தான் லீவு குடுத்தேன். டவுன்லோடு பண்ணுனதும் நான்தான்."

மனசாட்சி அது இது என்று யாரும் நினைக்க வேண்டாம். பாவம் என்ற ஒரு சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. உடுமலைக்காரர் படியில் உட்கார்ந்து அழுததும் கொஞ்சம் இருக்கலாம்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நீங்களா? வார்டனம்மா, டி.வி. ரிமோட்ட நேராப் பிடிக்கத் தெரியாது உங்களுக்கு! நீங்க டவுன்லோடு பண்ணுனீங்களா? அந்தப் புள்ளையக் காப்பாத்தோணும்னு பழிய உங்க தலையில போட்டுக்கறீங்க. பெரிய மனசு உங்களுக்கு. ஆனா அது வேற, இது வேற."

இதைவிட ஒரு அவமானம் உண்டா? வாழ்க்கையில் முதல்முதலாக உண்மையை முழுசாகச் சொல்கிறேன், எனக்கு அந்த அளவு மூளை இல்லை என்று நம்ப மறுக்கிறார். எனக்கு வந்ததே கோபம்!

"ஒக்காருங்க. பாருங்க" என்றேன்.

புதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஸ்டாண்டிலிருந்து பென்சிலை எடுத்துத் திருப்பிப் பிடித்தேன். ஸ்மார்ட் கார்டு படிக்கும் சாஃப்ட்வேர், இலவசம். ஒரு எழுத்துத் தப்பவில்லை. முந்தானையால் மௌஸைப் பிடித்தேன். அதே பக்கம் வந்தது, அதே பச்சை. அமுக்கினேன். ஆன்டிவைரஸ் கத்தியது, ப்ளீஸ் கட்டம் வந்தது, நிறுத்தினேன். முதலாளியின் சிரிப்பும் நின்றது. எல்லாவற்றுக்கும் சம்மதமா என்று கேட்டான்.

"அக்கா, வேண்டாங்க்கா!" என்று சுகந்தி பக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

பக்கெட் வாசலில் உருண்டுகொண்டிருந்தது.

"நெசமாலுமே நீங்கதானா!" என்றார் முதலாளி. பிறகு குரலைத் தணித்துக் கேட்டார், "அப்ப பூசையில வெச்ச மிஷினத் தொட்டதும் நீங்கதானா?"

"தொடலீங்க."

"இப்பத்தானே..."

"பென்சிலுங்க. அதுவும் பின்பக்கம். மௌஸ முந்தானையால. கை படவே இல்லீங்க. ராகு காலமும் பாத்துட்டுத்தான்."

அவர் நாற்காலியில் சாய்ந்து வெகுநேரம் யோசித்தார். பென்சிலை வாங்கிப் பார்த்தார். முந்தானையைப் பார்த்தார். கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"அப்பத் தொடலைன்னே வெச்சுக்கலாம்."

பூசைக் குற்றத்திலிருந்து எனக்கு விடுதலை. எத்தனை வீட்டுப் பெண்களின் படம் கண்டவன் கைக்குப் போனதோ, அதற்கு அவர் விசாரணையே வைக்கவில்லை. லீவு கொடுத்ததற்குச் சட்டத்தை மீறினாய் என்று திட்டினார், சுகந்தியையும் சேர்த்துத் திட்டினார். ஆனால் ஒயரைப் பிடுங்கினது அவள் என்பதைக் கண்ணால் பார்த்திருந்தார். பையை உள்ளே வைக்கச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டே தீர்ப்பும் சொன்னார்.

"ஆபீசுக்கு அந்தம்மிணி போதும். வார்டனம்மா, நீங்க மெஸ்ஸப் பாருங்க. அங்க கிரைண்டரத் தவர ஒண்ணும் கெடையாது, அதுவும் நம்ம கம்பெனிது, கெட்டுப் போகாது."

ஆபீஸ் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்தேன். செருகிச் செருகிப் புடவையில் அந்த இடமே நைந்திருக்கிறது. சுகந்தி வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் கையை இழுத்து வைத்தேன். "பாவம்னு மட்டும் இனிமே சொன்னே, பாத்துக்கோ" என்றேன். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கும்.

அக்டோபர் 20, ஞாயிறு

உடுமலைக்குப் போன் செய்தேன். உங்கள் மகளின் படமும் நம்பரும் போனது என்னால்தான், வேறு யாராலும் இல்லை என்று சொன்னேன். சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டார். இதற்கு மேல் எழுத வரவில்லை.

அக்டோபர் 23, புதன்

கரண்டி பிடிக்க வரவில்லை என்றவள் பிடித்திருக்கிறேன். வெங்காயம் உரிப்பவளிடம் அன்றைக்குச் சத்தம் போட்டதற்கு ஒரு வார்த்தை சொன்னேன். அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

காலையில் கிரைண்டர் நின்றுவிட்டது. கெட்டுப் போகாத கம்பெனிதான். சமையல்காரி, போனில் பார்த்தால் வழி சொல்வான், ஏதாவது இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்டாள். நான் ஈரத் துணியைக் கேட்டு வாங்கினேன். சுவிட்சை அணைத்துவிட்டுத் துடைத்தேன். பூசைக்கு நான் அப்பின சந்தனமும் குங்குமமும் கல் சுற்றும் அச்சில் கட்டியாக இறுகிக் கிடந்தது. சுத்தம் செய்ததும் ஓடியது. இதை மட்டும் எவருக்கும் சொல்லவில்லை.

சாயங்காலம் சுகந்தி சமையலறைக்கு வந்தாள். சாவிக்கொத்தை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறாள், இடுப்பில் செருகத் தெரியவில்லை.

"அக்கா, அபிநயா அப்பா போன் பண்ணியிருந்தாரு."

கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. மகளைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார், வேறென்ன.

"என்னவாம்?"

"வார்டனம்மா அங்க இருக்காங்களா, இல்ல அனுப்பிட்டாங்களான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"இருக்காங்கன்னு சொன்னேன். அப்பச் சரி, புள்ள அங்கயே இருக்கட்டும்னு வெச்சுட்டாரு."

நான் திரும்பி நின்றுகொண்டேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தேன். சரியாக இருந்தது.